கொழும்புப் பெரியவரும் கொடைக்கானல் கோயிலும்

கொடைக்கானல் ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. குறிஞ்சி ஆண்டவர் கோயில் என்று பெயர். மேகம் விலகிய நாளில் அங்கே நின்று பார்த்தால், வெகு கீழே பழனி மலை தெரியும். கோடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள்.

"இது ஒரு வெள்ளைக்கார அம்மாள் கட்டிய கோயில்" என்று ஊரில் சொல்வார்கள். கட்டிய ஆண்டு 1936.

யார் அந்த அம்மாள்? வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம்?

இதைத் தெரிந்துகொள்ள நாம் கடல் கடந்து கொழும்புக்குப் போக வேண்டும். அங்கே வாழ்ந்த ஒரு குடும்பப் பெரியவரின் கதையைக் கேட்க வேண்டும்.

பெரிய இடத்துப் பிள்ளை

அவர் பெயர் பொன்னம்பலம் இராமநாதன். 1851-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி கொழும்பில் பிறந்தார். செல்வாக்கான தமிழ்க் குடும்பம். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி சட்டசபை அங்கத்தினர். தம்பி அருணாசலம், பிற்காலத்தில் இலங்கை தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஆனார்.

இராமநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். ஊர் திரும்பி வக்கீல் ஆனார். 1879-ல், மாமன் இருந்த சட்டசபை இடம் மருமகனுக்கு வந்தது. பிறகு சர்க்காரின் பெரிய சட்ட உத்தியோகமும் கிடைத்தது.

பணம், பதவி எல்லாம் இருந்தும், மனம் பக்தியில் ஈடுபட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாமியார் ஒருவரைக் குருவாகக் கொண்டார். சைவ நூல்களைக் கற்றார். பைபிளையும் விடவில்லை. ஏசுநாதரின் போதனைக்குச் சைவர் ஒருவர் எழுதிய உரை என்று அவருடைய நூல்கள் வெளிநாட்டில் பேசப்பட்டன.

அந்த நூல்களைப் பதிப்பித்தவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஹாரிசன் என்ற பெண். 1905-ல் இராமநாதன் அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றப் போனபோது அவருக்குக் காரியதரிசியாக இருந்தவரும் இவரே. ஹாரிசன் இந்து சமயத்தைத் தழுவினார். லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டார். இராமநாதனை மணந்தார்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டிய அம்மாள் இவர்தான்!

குதிரையை அவிழ்த்தார்கள்

1915-ம் ஆண்டு இலங்கையில் சிங்களவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பெரும் கலகம் மூண்டது. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பலர் உயிர் இழந்தார்கள். வெள்ளைக்கார சர்க்கார் ராணுவச் சட்டம் போட்டது. கலகத்தை அடக்குகிறோம் என்று சொல்லி, விசாரணை சரியாக இல்லாமலே சிங்களவர் பலரைச் சுட்டது. தலைவர்களைச் சிறையில் தள்ளியது.

வாய் திறக்கவே எல்லோரும் பயந்த நேரம். இராமநாதன் சட்டசபையில் எழுந்து சர்க்காரின் கொடுமைகளை அடுக்கடுக்காகச் சொன்னார். அதோடு விடவில்லை. அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் திரிந்தன. வயது அறுபதைத் தாண்டிய மனிதர், அந்தக் கடலில் கப்பல் ஏறிச் சீமைக்குப் போய் நியாயம் கேட்டார்!

அவர் திரும்பி வந்த நாளில் கொழும்பில் ஒரு காட்சி. அவருடைய வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களவர்கள் தங்கள் கைகளாலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு தமிழருக்கு அவர்கள் செய்த மரியாதை அது. பின்னாளில் இலங்கையில் நடந்ததை எல்லாம் நினைத்தால், இப்படியும் ஒரு காலம் இருந்ததா என்று பெருமூச்சு வருகிறது.

ஆனால் கலகத்தில் அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். தங்களுக்காக அவர் இப்படி வாதாடவில்லையே என்ற மனக்குறை அவர்களுக்கு உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண்களுக்கு ஒரு கல்லூரி

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824-லேயே உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்த இந்த மிஷன்தான் 1834-ல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல், அந்தப் பாதிரிமார் 1845-ல் பழனி மலைமேல் ஏறி வீடு கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் உண்டானது அப்படித்தான். யாழ்ப்பாணத்துக்கும் கோடைக்கும் உள்ள பந்தம் பழையது!

மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பெண் மதம் மாறிவிடுவாளோ என்று சைவக் குடும்பங்கள் தயங்கின. பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இராமநாதன் பார்த்தார். தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, 1913-ல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரி கட்டினார். தங்கிப் படிக்க விடுதியும் வைத்தார். 1921-ல் திருநெல்வேலியில் ஆண்களுக்குப் பரமேஸ்வராக் கல்லூரி. (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி.) அந்தக் கல்லூரி இருந்த இடத்தில்தான் 1974-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கியது. தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் கட்டிய சிவன் கோயிலையும் மகன் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார்.

ஓட்டு வேண்டாம் என்றவர்

பெரியவர்கள் கதையைச் சொல்லும்போது, நல்லதைச் சொல்லி மற்றதை முழுங்கிவிடுவது நம் வீட்டு வழக்கம். படத்துக்கு மாலை போட்ட பிறகு யார் பேசுவார்கள்? இராமநாதன் கதையில் அப்படி முழுங்க முடியாத விஷயம் ஒன்று உண்டு.

1927-ல் டொனமூர் கமிஷன் இலங்கைக்கு வந்தது. படித்தவர், படிக்காதவர் என்று பார்க்காமல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டு கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்தது. இராமநாதன் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஏழை எளியவருக்கும், தாழ்த்தப்பட்டவருக்கும், பெண்களுக்கும் ஓட்டு கூடாது என்பது அவர் கட்சி.

பெண்ணுக்குக் கல்லூரி கட்டிய அதே கை! படிக்கலாம், ஆனால் ஓட்டுப் போடக்கூடாது என்றால் என்ன நியாயம்? பெரிய வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அந்தக் காலத்தில் இருந்த எண்ணம்தான். தாமே எல்லோருக்கும் நல்லது செய்துவிடுவோம், மற்றவர்கள் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம். அன்பு இருந்தது. சமமாக உட்கார வைக்க மனம் வரவில்லை.

காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1931-ல் இலங்கையில் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். 1932-ல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் ஜெயித்து, அரசாங்க சபைக்குள் நுழைந்தார்.

இதைப் பார்க்க இராமநாதன் இல்லை. 1930-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி காலமானார். மருதனார்மடத்தில் அவர் கட்டிய பெண்கள் கல்லூரி வளாகத்திலேயே அவருக்குச் சமாதி இருக்கிறது.

மலைமேல் அம்மையார்

பெரியவர் போனபின் லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கணவர் தொடங்கிய பெண் கல்வி வேலையைக் கவனித்தார். மருமகன் நடேசபிள்ளை பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். கணவர் மறைந்து ஆறு ஆண்டுக்குப் பிறகு, அம்மையார் பழனி மலையின் உச்சியில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். குறிஞ்சி பூக்கிற மலை, குறிஞ்சி நிலத்துத் தெய்வம். பொருத்தமாகவே பேரும் அமைந்தது. அம்மையார் 1953-ல் மறைந்தார். கோயிலை இப்போது பழனி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது.

இராமநாதனுக்குக் கொழும்பில், பழைய பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் சிலை இருக்கிறது. கொடைக்கானலில் சிலை இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சி, கோயில் கட்டுவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1934-ல் பூத்தது. கடைசியாக 2018-ல் பூத்தது. கணக்குப்படி அடுத்துப் பூக்க வேண்டிய ஆண்டு 2030. அது இராமநாதன் மறைந்த நூறாவது ஆண்டு.