மருந்து நிறுவனத்தின் தகவலும் நோயாளியின் கேள்வியும்: சட்டம் யார் பக்கம்?

மருத்துவரின் அறைக்குள் இரு வழிகளில் தகவல் நுழைகிறது. ஒன்று, மருந்து நிறுவனப் பிரதிநிதியின் பையிலிருந்து வருவது. மற்றொன்று, நோயாளியின் கைப்பேசியிலிருந்து வருவது. முன்னதை ‘அறிவியல் பகிர்வு’ என்றும் பின்னதை ‘கூகுள் மருத்துவம்’ என்றும் பார்க்கும் மனப்பான்மை மருத்துவத் துறையில் பரவலாக உள்ளது. இரண்டிலுமே பிழை இருக்கக்கூடும். அவ்வாறிருக்க, ஒன்றுக்கு வரவேற்பும் மற்றொன்றுக்கு ஏளனமும் கிடைப்பது ஏன்? பணம், சட்டம், சமூகநிலை ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சி மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுவனங்களின் விளம்பரம் தாம் மருந்து எழுதுவதைப் பாதிப்பதில்லை என 61 விழுக்காட்டினர் கூறினர். பிற மருத்துவர்களும் அவ்வாறே பாதிக்கப்படுவதில்லை என நம்பியவர்களோ 16 விழுக்காட்டினர் மட்டுமே. 2016இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, நிறுவனத்திடமிருந்து ஒரே ஒரு வேளை உணவு பெற்ற மருத்துவர்கள்கூட அந்நிறுவனம் முன்னிறுத்திய மருந்தைக் கூடுதலாக எழுதியதைக் கண்டது. மருத்துவர்களுக்கு அளிப்பவற்றை நிறுவனங்கள் பொதுவெளியில் அறிவிக்க வேண்டும் என அந்நாடு 2010இல் சட்டம் இயற்றியதால்தான் அந்த ஆய்வு சாத்தியமாயிற்று. எந்த மருத்துவர் எவ்வளவு பெற்றார் என்பதைப் பெயருடன் வெளியிடக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை.

இந்த அன்பளிப்புகளின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், மருத்துவர்களுக்கு அளித்த தங்க நாணயம், தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, மடிக்கணினி போன்றவற்றுக்கான சுமார் 4.72 கோடி ரூபாயைத் தொழிற்செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு கோரியது. அன்பளிப்பு பெறுவதற்கான தடை மருத்துவர்களுக்கு மட்டுமே உரியது, நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்பளிப்பின் செலவு மருந்தின் விலையில் ஏற்றப்பட்டு நோயாளியிடமே வசூலாகிறது என்று அது சுட்டிக்காட்டியது. 2021–22ஆம் ஆண்டுக்கான தேசிய சுகாதாரக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சொந்தப் பையிலிருந்தே செல்கிறது. கூலியில் வாழும் குடும்பத்திற்கு இது கடனாகவே முடிகிறது.

2023 ஆகஸ்ட் 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை அறிவித்தது. மருந்துகளைப் பொதுப்பெயரில் எழுத வேண்டும். மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடைபெறும் கருத்தரங்குகளில் பங்கேற்கக் கூடாது. சமூக ஊடகத்தில் மருத்துவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை இது என அவை வரையறுத்தன. பொதுப்பெயர் மருந்துகளின் தரத்திற்கு உத்தரவாதம் இல்லை என்று கூறி இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. மூன்றே வாரங்களில், ஆகஸ்ட் 23 அன்று, அவை நிறுத்திவைக்கப்பட்டன. தரம் குறித்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாதுதான். ஆனால் அதற்குத் தீர்வு தரச் சோதனையே. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயர் மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அளித்துவருகிறது.

நிறுவனங்களுக்கென ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட சந்தைப்படுத்தல் நெறிமுறையும் சட்டமன்று. அதன்கீழ் வரும் புகாரை விசாரிப்பது மருந்து நிறுவனங்களின் சங்கங்களே அமைக்கும் குழுவாகும். இந்நெறிக்குச் சட்ட வலு வேண்டுமென உச்ச நீதிமன்றத்தை நாடியவர்கள் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் தொழிற்சங்கத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இணையத்தில் பரவும் பொய்களை எளிதாகக் கடந்துவிட முடியாது. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. பதஞ்சலியின் விளம்பரங்களுக்கு எதிராக 2022இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கு தேவையான ஒன்று. ஆனால் அவ்வழக்கிலேயே, விலையுயர்ந்த மருந்துகளைத் தேவையின்றி எழுதும் தன் உறுப்பினர்கள்மீது வந்த புகார்களைச் சங்கம் முதலில் கவனிக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நீதிபதிகள் கூறினர். பொய் விளம்பரத்திற்கு ஓர் அளவுகோல், நிறுவன விருந்துக்கு வேறோர் அளவுகோல் என்பது அறமாகாது.

இனி நோயாளியின் பக்கம் வருவோம். சமிரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், நோயாளியின் ஒப்புதலுக்கு முன் போதிய தகவல் தரப்பட வேண்டும் என்றது. ஆயினும், எவ்வளவு தகவல் என்னும் இடத்தில் அமெரிக்காவின் உயர்ந்த அளவுகோலை ஏற்க மறுத்தது. பெரும்பாலான நோயாளிகள் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், மருத்துவச் சொற்களைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. 1995ஆம் ஆண்டின் சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி, அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையை நாடுவோர் நுகர்வோர் ஆவதில்லை. எனவே நுகர்வோர் ஆணையத்தின் கதவும் அவர்களுக்கு மூடியே இருக்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் தலித் மாணவர்களுக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். எழுத்தறிவு தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டது. அந்த மறுப்பின் விளைவே தகவலைக் குறைப்பதற்கான காரணமாகிறது. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்குச் சென்ற மகள், தாயின் மருந்தைப் பற்றிக் கைப்பேசியில் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், ‘நீ டாக்டரா?’ என்ற பதிலே கிடைக்கிறது. அவள் படித்தது தவறாகவே இருக்கலாம். தவறென்றால் அதை விளக்குவது மருத்துவரின் கடமை. நிறுவனப் பிரதிநிதிக்கு ஒதுக்கும் நேரத்தை நோயாளிக்கும் ஒதுக்குமாறு கேட்பது அதிகப்பிரசங்கித்தனமன்று.

நடப்பிலுள்ள 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே சில உரிமைகளைத் தருகின்றன. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதும்படி நாம் கேட்கலாம். மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். முறைகேடு நடந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் அளிக்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கூறுகிறது. ஊர்தோறும் இதை அறியச் செய்வது மாணவர் அமைப்புகள் உடனே தொடங்கக்கூடிய பணி. மருத்துவர்கள் பெறும் அன்பளிப்புகளைப் பெயருடன் வெளியிடும் சட்டத்தையும், இலவச மருத்துவமனை நோயாளிக்கும் எளிய முறையீட்டு வழியையும் கோருவது நம் அமைப்புகளின் அடுத்த கட்டப் பணியாக வேண்டும்.