மகாநாடும் கலைக்களஞ்சியமும்: குறிப்பிடத்தக்கமை பற்றி ஒரு நோக்கு

அரசியல் மகாநாடொன்று நடந்தது என்பதும், அது கலைக்களஞ்சியத்திற் தனிக்கட்டுரை பெறத் தக்கது என்பதும் ஒன்றல்ல. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியா இவ்விரண்டையும் பிரித்து நோக்குவதற்குக் 'குறிப்பிடத்தக்கமை' என்னும் அளவுகோலைக் கையாளுகின்றது. அதன்படி, மகாநாட்டோடு தொடர்பற்றவர்கள், நம்பத்தகுந்த வெளியீடுகளில், அதனைப் பற்றி விரிவாக எழுதியிருத்தல் வேண்டும். அமைப்பாளரின் மலரும் அறிக்கையும் தீர்மானத் தொகுப்பும் தகவல் தரலாம், தகுதி தரா. புகழ்பெற்ற தலைவரொருவர் அங்கு உரையாற்றினார் என்பதும் போதாது. அவர் புகழ் அவருக்குரியது, மேடைக்குரியதன்று. ஆங்கிலப் பதிப்பில் ஒரு கட்டுரையின் நீக்கம் பற்றிய விவாதம் பொதுவாக ஏழு நாட்கள் நடைபெறும். அங்கு கைகள் எண்ணப்படுவதில்லை, நியாயங்களே எடைபோடப்படும் என்பது கோட்பாடு. நடைமுறையில் எண்ணிக்கைக்கும் ஓரளவு மதிப்புண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

1955 ஏப்ரலில் 29 நாடுகள் கூடிய பாண்டுங் மகாநாட்டைப் பற்றி எவருக்கும் ஐயமெழாது. சிக்கலைத் தெளிவாக்குவது சிமர்வால்ட் ஆகும். 1915 செப்டெம்பர் 5 முதல் 8 வரை, சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரையடுத்த அச்சிற்றூரில், போரை எதிர்த்த சோசலிசவாதிகள் 38 பேர் கூடினர். பறவையியலாளர் என்ற பெயரில் அவர்களுக்கு இடம் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. லெனினைச் சார்ந்த இடதுசாரிகளின் தீர்மானம் 19க்கு 12 என்ற வாக்குகளால் தள்ளப்பட்டது. போர்த் தணிக்கைக்கு உட்பட்டிருந்த பத்திரிகைகள் இக்கூட்டத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அந்த மாதத்தில் நாம் இவ்வளவுகோலைக் கொண்டு தீர்ப்பளித்திருப்பின், 'தகுதியில்லை' என்றே கூறியிருப்போம்.

அத்தீர்ப்பு பிழையானதா? பிழையன்று என்பதே எமது கருத்து. 1919இல் மூன்றாம் அகிலம் தோன்றியபோது சிமர்வால்ட் அணி கலைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் வரலாற்றாசிரியர்கள் அச்சிறு கூட்டத்தில் ஒரு பெரும் பிளவின் தொடக்கத்தைக் கண்டு எழுதினர். கலைக்களஞ்சியம் ஆய்வுக்குப் பின்னே வருவது, முன்னே ஓடுவதன்று. ஆதலால், மண்டபம் நிறைந்ததா என்பதைவிட, மண்டபம் வெறுமையான பின்னரும் அதனைப் பற்றி எழுதப்பட்டதா என்பதே உரிய வினாவாகும்.

இனி எம் மண்ணுக்கு வருவோம். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை எதிர்த்தது. பூரண சுதந்திரம் கோரி 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடபகுதியின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாயிருந்தன. இவ்வியக்கம் தனிக்கட்டுரைக்குரியது என்பதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. சாந்தசீலன் கதிர்காமர் முதலியோரின் ஆய்வுகள் உள்ளன. ஆனால் அதன் ஆண்டு மகாநாடு ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டுரை வேண்டுமா? ஒரு மகாநாட்டைப் பற்றித் தனித்த ஆய்வு இல்லாதவிடத்து, அதனை இயக்கத்தின் கட்டுரையிலேயே ஒரு பகுதியாகச் சேர்ப்பதே முறை. நீக்குவதற்கும் தனியே நிறுத்துவதற்கும் இடைப்பட்ட இவ்வழியை விவாதிப்போர் பலர் மறந்துவிடுகின்றனர்.

எனினும் இவ்வளவுகோல் எல்லாச் சமூகங்கள் மீதும் ஒரே பாரத்தைச் சுமத்துவதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. சான்று ஒருபோதும் இருக்கவில்லை என்பது வேறு. இருந்த சான்று எரிந்தது என்பது வேறு. விவாதப் பக்கத்திலோ இரண்டும் 'சான்றில்லை' என்ற ஒரே சொல்லாகவே தோற்றும். நிலவுடைமையாளரின் சங்கக் கூட்டம் பத்திரிகையில் இடம்பெற்ற காலத்தில், கூலி விவசாயிகளின் கூட்டம் துண்டுப்பிரசுரத்தோடு முடிந்திருக்கலாம் என்பதையும் மனங்கொள்ளல் தகும்.

இதற்காக விதியைத் தளர்த்தக் கோருவதை நாம் ஏற்கவில்லை. தளர்த்தினால், தம்மைத் தாமே புகழும் கட்சி மலர்களே முதலில் உள்ளே நுழையும். விதியிலேயே போதிய இடமுண்டு: சான்று ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டுமென்றோ, இணையத்தில் இருத்தல் வேண்டுமென்றோ அது கூறவில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகையின் தேதியும் பக்கமும் சரியாகக் காட்டப்படின் அதுவும் சான்றே. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் எம் சஞ்சிகைகளையும் மலர்களையும் ஆவணப்படுத்தி வருகின்றது. அவற்றைப் படித்து, கூடியோர் யார், கூடாதோர் யார், தீர்மானங்கள் என்னவாயின என்று ஆராய்ந்து எழுதவேண்டிய கட்டுரைகள் இத்தகைய ஆய்விதழ்களிலேயே முதலில் வெளிவருதல் வேண்டும்.