திருவாரூர் ஜில்லாவின் நிலமும் ஜனங்களும்

ஒரு பிரதேசத்தின் அபிவிருத்தியைக் கருதுவோர், அங்குள்ள நிலம் எத்தகையது, நீர் எவ்வழி வருகின்றது, ஜனங்கள் எவ்வளவினர் என்னும் மூன்றையும் முதற்கண் அறிதல் வேண்டும். ஐக்கிய சங்கம் கடன் கொடுப்பதும், விதை நெல்லும் உரமும் சேகரிப்பதும் இம்மூன்றையும் தழுவியே நடைபெறத் தக்கவை.

பழைய தஞ்சாவூர் ஜில்லா 1991-ஆம் வருஷம் பிரிக்கப்பட்டபோது, திருவாரூர் நாகப்பட்டினத்தோடு சேர்க்கப்பட்டது. பின்னர் 1997-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி அது தனி ஜில்லாவாயிற்று. திருவாரூர், நன்னிலம், குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி முதலியன இதிலுள்ள தாலுகாக்கள். கிராம ஊராட்சிகள் 430. விஸ்தீரணம் ஏறக்குறைய 2,270 சதுர கிலோமீட்டர். மேற்கே தஞ்சாவூரும், கிழக்கே நாகப்பட்டினமும், தெற்கே பாக் ஜலசந்தியும் இதன் எல்லைகளாம்.

இந்த ஜில்லாவில் மலை என்பதில்லை. காவேரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து பரப்பிய வண்டலே இதன் பெரும்பகுதி. நிலம் கடலை நோக்கி மிகச் சொற்பமாகவே சரிகின்றது. இச்சொற்பச் சரிவே இப்பிரதேசத்தின் நன்மைக்கும் துன்பத்துக்கும் காரணம். வாய்க்கால் வெட்டினால் நீர் எவ்வயலுக்கும் அமைதியாய்ப் பாயும். ஆயின் மிகுந்த மழை பெய்துவிடின், அந்நீர் வடிவதற்கு வழி தேடித் தேங்கி நிற்கும்.

கல்லணையில் காவேரியினின்று பிரியும் வெண்ணாறே இந்த ஜில்லாவின் பெரும்பகுதிக்கு ஜீவாதாரம். தென்பெரம்பூரில் வெண்ணாற்றினின்று வெட்டாறு பிரிகின்றது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என நீர் மூன்றாகப் பங்கிடப்படுகின்றது. வடபாகத்தை அரசலாறும், முடிகொண்டானாறும், திருமலைராஜனாறும் வளப்படுத்துகின்றன. திருவாரூர் நகரின் வழியே ஓடம்போக்கியாறு செல்கின்றது.

மேட்டூர் அணை 1934-ஆம் வருஷம் முடிவுற்றது. அதுமுதல் ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது வழக்கமாயிற்று; எனினும் நீரிருப்புக் குறைந்த வருஷங்களில் அத்தேதி தவறியதும் உண்டு. நீர் உரிய காலத்தில் வந்தால் குறுவையும், அதன்பின் தாளடியும் விளையும். தாமதித்தால் சம்பா ஒரு போகமே கதி. தலைப்பிலுள்ள கிராமம் நாற்று விடும்போது கடைமடைக் கிராமம் நீரை எதிர்பார்த்திருக்கும். கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாதலின், குழாய்க் கிணற்றைக் கொண்டு அக்குறையைத் தீர்த்துக்கொள்ளவும் இயலாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை நேர்மாறாகும். வடகிழக்குப் பருவமழையின்போது, பாசனத்துக்கு நீர் கொணர்ந்த ஆறுகளே வடிகால்களாகவும் தொழில் புரிகின்றன. மேல் கிராமத்து வயலில் வடிந்த நீர் கீழ் கிராமத்தின் வழியாகவே கடலை அடைய வேண்டும். இடையில் ஒரு வடிகால் தூர்ந்திருப்பினும், ஆகாயத்தாமரை அடைத்திருப்பினும், பல கிராமங்களின் இளம் பயிர் அழுகும். ஆகையால், தன் எல்லைக்குட்பட்ட வாய்க்காலை மட்டும் செப்பனிட்டுக்கொண்ட கிராமம் பாதி வேலையே செய்ததாகும்.

தென்கோடியில் முத்துப்பேட்டையருகே, ஆறுகள் கடலோடு கலக்குமிடத்தில், அலையாத்திக் காடுகள் பரந்துள்ளன. இம்மரங்களின் வேர்கள் சேற்றைப் பற்றி நின்று அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. மீனும் இறாலும் குஞ்சு பொரித்து வளர இடமளிக்கின்றன. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் இக்காடும், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் பெருஞ்சேதமடைந்தன. நெல் நட்டமானால் அடுத்த போகத்தில் ஈடு செய்யலாம். தென்னை காய்ப்பதற்கோ பல வருஷங்கள் காத்திருக்க வேண்டும்.

இனி ஜனங்களைக் குறித்துக் காண்போம். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணிதப்படி இந்த ஜில்லாவின் ஜனத்தொகை 12,64,277. இதில் ஆண்கள் 6,26,693, பெண்கள் 6,37,584. அதாவது 1,000 ஆண்களுக்கு 1,017 பெண்கள். ஐந்து பேரில் நால்வர் கிராமவாசிகள். எழுத்தறிவுடையோர் நூற்றுக்கு 82-க்கு மேல். 2001-இல் ஜனத்தொகை 11,69,474 ஆகையால், பத்து வருஷப் பெருக்கம் நூற்றுக்கு 8 வீதமே. அதே காலத்தில் ராஜ்யம் முழுவதும் நூற்றுக்கு 15-க்கு மேல் பெருகியது. சிறு குடும்பங்கள் மிகுந்ததும், பிழைப்பின் பொருட்டு ஜனங்கள் வெளியூர் செல்வதும் இக்குறைவுக்குக் காரணங்களாம். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் நூற்றுக்கு 34 பேர். அவ்விகிதத்தில் ராஜ்யத்தின் ஜில்லாக்களுள் இதுவே முதன்மையானது. அவர்களில் பெரும்பாலார் நெடுங்காலம் பிறர் நிலத்தில் உழைத்து வந்தவர்கள். பண்ணையாட்களைப் பாதுகாக்கத் தஞ்சை ஜில்லாவுக்கென 1952-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இவ்விவரங்களால் சங்கங்கள் அறிய வேண்டுவன மூன்று. முதலாவது, தலைமடைக்கும் கடைமடைக்கும் பருவம் ஒன்றன்று. பயிர்க்கடனும் விதையும் அந்தந்தக் கிராமத்துக்கு நீர் வரும் காலத்தை ஒட்டிக் கிடைத்தாலன்றிப் பயன்படா. கதிர் முற்றிய சம்பா வயலில் அறுவடைக்குச் சில நாள் முன்னே உளுந்தும் பயறும் தெளிப்பதற்கு வேண்டிய விதையும் அவ்வாறே. தெளிக்கும் ஈரம் போனபின் வரும் விதை வீணே. இரண்டாவது, வடிகால் மராமத்து ஒரு கிராமத்தால் முடிவதன்று. ஒரே ஆற்றையடுத்த சங்கங்கள் மழைக்கு முன்பே கலந்து பேசுதல் அவசியம். மூன்றாவது, நிலமில்லாத உழைப்பாளியும், பெண்மக்களும் அங்கத்தினராகாத சங்கம் கிராமத்தில் பாதிக்கு மேற்பட்டோரைப் புறத்தே நிறுத்தியதாகும். கறவை மாட்டுக்கும், ஆட்டுக்கும், சிறு தொழிலுக்கும் வேண்டிய சிறு கடன் அவர்களை ஈட்டிக்காரரிடமிருந்து மீட்கும்.

மேல் கிராமத்து நீர் கீழ் கிராமத்து வழியே கடல் சேருவதுபோல, இந்த ஜில்லாவில் ஒருவர் நலமும் மற்றவர் நலத்தின் வழியாகவே கைகூடும். நிலம் இயல்பாகவே கற்பிக்கும் இப்பாடத்தைக் காரியத்தில் நடத்திக் காட்டுவதே ஐக்கிய சங்கத்தின் கடமையாம்.