ஆகாயம் பொதுச்சொத்து, ஆட்டம் யாருடையது?

1993இல் ஒரு கிரிக்கெட் கோப்பைக்காக மூண்ட சண்டை உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகி, சட்டமாகி, கடைசியில் மலைமேல் ஒரு தகரக்கூரையில் வந்து நிற்கிறது.

ஆனைக்கரையிலிருந்து செல்லார்கோவில் பக்கம் போனால் கேரளம் சட்டென்று முடிந்துவிடுகிறது. காலடியில் பாறைச் சரிவு. அதற்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், வயல்கள். மேலே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதும் கீழே பெரும்பாலும் வெயில்தான். இடுக்கி மாவட்டத்தின் இந்த ஏலக்காய் ஊருக்குக் காலையில் ஜீப்புகளில் தமிழகத்திலிருந்து ஆட்கள் வேலைக்கு ஏறி வருகிறார்கள். மாலையில் இறங்கிப் போகிறார்கள். தோட்டத்து லயன்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. (பாலக்காடு மாவட்டத்திலும் ஓர் ஆனைக்கரை இருக்கிறது. கேப்டன் லட்சுமியின் தாயார் அம்மு சுவாமிநாதனின் ஊர். இங்கே சொல்லப்படுவது மலைமேல் உள்ளது.)

மனிதர்கள் எல்லையைத் தாண்ட ஒரு ஜீப் போதும். தொலைக்காட்சி அலைகளுக்கு அந்த வசதி இல்லை.

கோபுரத்திலிருந்து புறப்படும் தொலைக்காட்சி அலை அனேகமாக நேர்க்கோட்டில் போகிறது. குறுக்கே ஒரு மலை நின்றால் அதற்குப் பின்னால் உள்ளவனுக்குத் திரையில் புள்ளிகள்தான். 1984இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்று தூர்தர்ஷன் நாடு முழுவதும் நிறுவிக்கொண்டே போனபோதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மடிப்புகள் பல நிழலிலேயே கிடந்தன. பின்னர் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்தது தென்தமிழகத்துக்குப் பெரிய விடுதலை. அதுவரை இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டிருந்த ஊர்கள் உண்டு. மலை ஊர்களில் மேட்ச் பார்ப்பது கூட்டு முயற்சி: கூரைமேல் ஒருவர் கம்பத்தைத் திருப்புவார், முற்றத்தில் ஒருவர் நின்று தகவல் சொல்வார், பெட்டியின் முன்னால் இருப்பவர் "வந்துச்சு, வந்துச்சு... போச்சு" என்பார். பூஸ்டர் வாங்கியவர் வீட்டில் ஊரே உட்கார்ந்திருக்கும்.

கேரளத்தை அர்ஜென்டினா ரசிகர்களின் நாடாக மாற்றியதும் இந்தக் கோபுரங்கள்தான். 1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. மெக்சிகோ நகரத்து நண்பகல் இந்தியாவில் இரவு 11.30 மணி. ஜூன் 22 இரவு இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒன்று, காலால் ஒன்று என்று போட்ட இரண்டு கோல்களையும் பார்க்க யாரும் யாருக்கும் சந்தா கட்டவில்லை. பெட்டியும் கம்பமும் இருந்தால் போதும். அவை இல்லாதவனுக்கு, இருப்பவனின் திண்ணை.

பெட்டியே எட்டாதவர்களுக்கு வானொலி இருந்தது. மத்திய அலை மலையைப் பார்த்துப் பெரிதாகப் பயப்படுவதில்லை. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால் தமிழில் வர்ணனை வரும். கூத்தபிரான், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்களின் குரலில் பந்து ஓடும். பார்க்காத மைதானத்தைக் கேட்டே கட்டிக்கொண்ட தலைமுறை அது. ஏலச்செடிகளுக்கு நடுவே டிரான்சிஸ்டரை வைத்துவிட்டு வேலை செய்வதற்கும் தடையில்லை. டி.வி.யால் முடியாத காரியம் இது.

அப்போது இதிலெல்லாம் உரிமைப் பிரச்சினை எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. கிரிக்கெட் வாரியமே நினைக்கவில்லை. தூர்தர்ஷன் வந்து காட்டினால் நல்லது என்பதுதான் அதன் நிலை. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி கல்கத்தாவுக்கு வந்தபோது, ஆட்டத்தைத் தங்கள் நாட்டில் காட்டுவதற்கான விலையை விருந்தாளிகள் விசாரிக்கப் போய், விற்பதற்குத் தங்களிடம் ஒரு சரக்கு இருக்கிறது என்று வாரியத்துக்கு உறைத்தது என்பார்கள். உறைத்தவர்களில் முக்கியமானவர் ஜக்மோகன் டால்மியா.

இரண்டே ஆண்டுகளில் மோதல் வந்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவுக்காக 1993 நவம்பரில் ஹீரோ கோப்பையை நடத்தியது. ஒளிபரப்பு உரிமை தூர்தர்ஷனுக்குப் போகவில்லை. டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. அரசுக்குக் கோபம். கையில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இருந்தது. இந்திய மண்ணிலிருந்து அலைகளை அனுப்பும் உரிமை அரசுக்கு மட்டுமே என்று அதைக் காட்டி வாதிட்டது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளைச் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. செயற்கைக்கோளுக்குப் படத்தை ஏற்றித்தர வேண்டிய விதேஷ் சஞ்சார் நிகம் தயங்கியது. ஆட்டம் ஒருபக்கம் நடக்க, வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் ஓடியது. யாருடைய கேமரா எங்கே நிற்பது என்பது வரை நீதிமன்றத்தின் கவலையாயிற்று.

அந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் நவம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் விளக்கொளியில் அரையிறுதி. தென்னாப்பிரிக்கா வெல்லக் கடைசி ஓவரில் 6 ரன் வேண்டும். அசாருதீன் பந்தைக் கொடுத்தது கபில்தேவிடமோ ஸ்ரீநாத்திடமோ அல்ல, 20 வயது டெண்டுல்கரிடம். அவர் கொடுத்தது 3 ரன். இந்தியா 2 ரன்னில் வென்றது. மூன்று நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் கும்ப்ளே 12 ரன் கொடுத்து மேற்கிந்தியத் தீவுகளின் 6 விக்கெட்டை எடுத்தார். கோப்பை யாருடையது என்பது முடிவாகிவிட்டது. படம் யாருடையது என்பது முடிவாக இன்னும் பதினான்கு மாதம் பிடித்தது.

1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி அடங்கிய அமர்வு தீர்ப்புச் சொன்னது. காற்றலைகள் பொதுச்சொத்து, அவற்றில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது, பொதுநலன் கருதி அவற்றை ஒழுங்குசெய்யச் சுதந்திரமான பொது அமைப்பு ஒன்று வேண்டும். ஆட்டத்தை ஒளிபரப்புவதும் அதைப் பார்ப்பதும் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவன என்றும் நீதிமன்றம் கருதியது. தூர்தர்ஷனின் பிடி விட்டது. 1990இல் நிறைவேறிக் கிடப்பில் கிடந்த பிரசார் பாரதி சட்டம் 1997இல் உயிர்பெற்றது.

தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் கவனிக்கத் தவறிய இடம் ஒன்று உண்டு. அலைதான் பொதுச்சொத்து என்றது நீதிமன்றம். ஆட்டம் பொதுச்சொத்து என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு அது சொந்தச் சரக்கு. அரசின் ஏகபோகம் உடைந்த இடத்தில் வாங்கியவனின் ஏகபோகம் வந்து உட்கார்ந்தது. 1996 உலகக் கோப்பையின் உரிமையை பெங்களூரில் பிறந்த மார்க் மஸ்கரேனஸின் வேர்ல்ட்டெல் ஒரு கோடி டாலருக்கு எடுத்தபோது பலர் மூக்கில் விரல் வைத்தார்கள். 2006இல் இந்திய வாரியத்தின் நான்காண்டு உரிமைக்கு நிம்பஸ் நிறுவனம் சொன்ன விலை 61.2 கோடி டாலர். ஐ.பி.எல்.லின் 2023 முதல் 2027 வரையான உரிமை ரூ. 48,390 கோடி. இவ்வளவு போட்டவன் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறவனை எப்படி விடுவான்?

அரசுக்கு அந்தத் திண்ணையின் நினைவு வந்தது, ஓட்டுக் கணக்கும் சேர்ந்து. 2004இல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது உரிமை டென் ஸ்போர்ட்ஸிடம். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் டென் ஸ்போர்ட்ஸின் படத்தையே தூர்தர்ஷன் காட்டியது. முல்தானில் சேவாக் 300ஐத் தாண்டியதைக் கேபிள் இல்லாத வீடுகளும் பார்த்தன. 2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே வந்தபோது மறுபடியும் அதே கதை, இந்த முறை நிம்பஸுடன். டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிறந்த சமரசம் விசித்திரமானது: தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் ஏழு நிமிடம் தாமதமாக. பக்கத்து வீட்டில் சிக்ஸர் விழுந்த கூச்சல் கேட்ட பிறகு இந்த வீட்டில் பந்துவீச்சாளர் ஓடிவருவார். பிப்ரவரியில் அவசரச் சட்டம், மார்ச்சில் நாடாளுமன்றச் சட்டம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் போட்டிகளின் நேரடிப் படத்தை, உரிமம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் பிரசார் பாரதியுடன் பகிர்ந்தே தீரவேண்டும். விளம்பர வருமானத்தில் உரிமைக்காரருக்கு குறைந்தது 75 சதவீதம், பிரசார் பாரதிக்கு 25. வானொலியில் பாதிக்குப் பாதி.

பத்து ஆண்டுகள் இது ஓடியது. ஆனால் தூர்தர்ஷனைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்டவேண்டும் என்று இன்னொரு சட்டம் இருந்ததால், பகிரப்பட்ட படம் கேபிள் வழியாக எல்லா வீட்டுக்கும் போயிற்று. காசு கொடுத்து விளையாட்டுச் சேனல் வாங்க வேண்டியவர்கள் தூர்தர்ஷனிலேயே பார்த்துக்கொண்டார்கள். உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், நவீன் சின்ஹா அமர்வு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பகிரப்படும் படம் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழிக் கோபுரங்களுக்கும் சொந்த டி.டி.எச்.சுக்கும் மட்டுமே, தனியார் கேபிளுக்கு அல்ல. சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. குறை பிறகு நடந்ததில் இருக்கிறது. அந்தத் தரைவழிக் கோபுரங்களை பிரசார் பாரதி ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தது. 2022க்குள் பழைய அனலாக் கோபுரங்கள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டுவிட்டன. பார்க்க ஆள் குறைந்துவிட்டது, அலைவரிசை வேறு வேலைக்கு வேண்டும் என்ற காரணங்கள் சரியானவையே. சட்டம் விட்டுவைத்த இரண்டு வாசல்களில் ஒன்று அப்படி மூடியது.

மிச்சம் இருப்பது டி.டி. ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் வேறு பெயரில் தொடங்கியது. குடையையும் பெட்டியையும் ஒருமுறை வாங்கிவிட்டால் மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. மலைக்காரர்களுக்கு இது ஒரு வகையில் நியாயம் செய்திருக்கிறது. கொடைக்கானல் அலைக்குக் குறுக்கே நின்ற குன்று, செயற்கைக்கோளுக்குக் குறுக்கே நிற்க முடியாது. இடுக்கியிலிருந்து பார்த்தால் அது வானத்தில் மிக உயரத்தில் இருக்கிறது. ஆழமான மடிப்பில் உள்ள லயன் வீட்டுக்கும் தலைக்கு மேலே திறந்த வானம் போதும். கூரையேறிக் கம்பத்தைத் திருப்பும் வேலை ஒழிந்தது.

ஆனால் அதில் என்ன வருகிறது? பட்டியலில் உள்ள ஆட்டங்கள் வரும்: இந்திய அணியின் ஒருநாள், 20 ஓவர் ஆட்டங்கள், உலகக் கோப்பைகளின் முக்கியக் கட்டங்கள், ஒலிம்பிக்ஸ் போன்றவை. ஐ.பி.எல். பட்டியலில் இல்லை. சென்னையும் மும்பையும் மோதும் இரவில் பெட்டியில் வேறு ஏதோ ஓடும். தமிழ் வர்ணனையும் இதே கதைதான். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென்றே சேனல் திறந்தது. ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் வந்தார்கள். அலுவலகத் தமிழ் போய்த் திண்ணைத் தமிழ் வந்தது. சிலருக்கு அந்த அரட்டை பிடிக்கவில்லை, பலருக்குப் பிடித்தது. ஆனால் அது கட்டணச் சேனல். தூர்தர்ஷனும் முயலாமல் இல்லை. 2023இல் இந்திய அணி மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது பொதிகையில் தமிழ் வர்ணனையோடு காட்டியது. இது வழக்கமாகியிருந்தால் மலைமேல் நன்றி சொல்ல ஆள் இருந்தது.

செல்போன் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை கிளம்பியது. 2022 கால்பந்து உலகக் கோப்பையை ஜியோ சினிமா இலவசமாகக் காட்டியது. அடுத்த ஆண்டு ஐ.பி.எல்.லையும். கூட்டத்தைச் சேர்க்கும்வரைதான் இலவசம் என்பது வியாபாரத்தில் பழைய பாடம். ஹாட்ஸ்டாருடன் அது இணைந்து 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் ஆனதும் சந்தா முன்னுக்கு வந்தது. போதாக்குறைக்கு, செல்போன் கோபுரமும் கோபுரம்தான். மடிப்புக்குள் இறங்கிய இடத்தில் அதன் அலையும் பழைய தூர்தர்ஷன் அலையைப் போலவே திணறுகிறது.

ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. செயற்கைக்கோளிலிருந்து வரும் அந்த அலைக்கு அடர்ந்த மழை ஆகாது. கால்பந்து உலகக் கோப்பை பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வருகிறது. ஏலமலையில் மழை வலுத்துக் கொட்டும் மாதங்களும் அவைதான். ஆனைக்கரையில் படம் உறைந்து, கட்டம்கட்டமாகச் சிதறி, திரை கறுக்கும். அதே நேரத்தில், சரிவுக்குக் கீழே, மழை எட்டாத கம்பத்தில் ஆட்டம் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். மாலை ஜீப்பைப் பிடித்து இறங்கிவிட்டவர்களுக்கு இரண்டாவது பாதி கிடைக்கும்.