சிவப்பு எழுத்து வந்தால் முதலில் பிரதி எடுங்கள்

ஆரணியில் தறிச் சத்தத்துக்கு நடுவே மடிக்கணினியில் நிரல் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கடைக்கு ஆர்டர் செயலி, பில் போடும் நிரல் என்று படிக்கும்போதே செய்து கொடுத்துச் சம்பாதிக்கவும் வழி உண்டு. அவர்களுக்காகவும், அவர்களிடம் வேலை கொடுக்கும் கடைக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நிரலாளர்களில் மிகப் பலர் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை இயக்கும் செருகுநிரல் அதற்குள்ளேயே இருக்கிறது. கமிட் செய்த, அதாவது கிட்டில் பதிந்த, ஒவ்வொரு மாற்றமும் வரலாறாகச் சேரும். ஒருநாள் செருகுநிரல் முரண்டு பிடித்துச் சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லும். அந்தச் செய்தி பெரும்பாலும் எதையும் அழித்திருக்காது. அதைப் போக்க அவசரத்தில் அமுக்கும் பொத்தான்தான் அழிக்கும்.

2017இல் நிரலாளர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. தன் கோப்புகள் எல்லாம் 'மாற்றங்கள்' என்று பட்டியலில் நிற்பதைப் பார்த்து, மாற்றங்களைக் கைவிடும் 'டிஸ்கார்ட்' பொத்தானை அமுக்கினார். மூன்று மாத உழைப்பு போய்விட்டது. ஒருமுறைகூட கமிட் செய்யாத கோப்புகள் என்பதால் கிட்டிடம் திருப்பித் தர எதுவும் இல்லை. அதன் பிறகுதான் அந்தப் பொத்தானின் எச்சரிக்கை வாசகம் கடுமையாக்கப்பட்டது.

ஆகவே எந்தப் பழுதானாலும் முதல் வேலை, மறைந்திருக்கும் 'டாட் கிட்' அடைவோடு சேர்த்து முழு ஃபோல்டரையும் வேறிடத்தில் பிரதி எடுப்பது. அடுத்தவர் நிரலைப் பிரதி எடுக்கலாமா என்ற தயக்கம் வரும். முறையாகப் பெற்ற நிரலை, இழப்பிலிருந்து காக்கத் தற்காலிகமாகப் பிரதி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. ஆனாலும் வேலை கொடுத்தவர் அனுமதித்த இடத்திலேயே அதை வையுங்கள்.

பிறகு காரணத்தைத் தேடலாம். 'கிட் காணவில்லை' என்றால் பெரும்பாலும் செருகுநிரல் இருக்கிறது, கிட் நிறுவப்படவில்லை என்று பொருள். டெர்மினலில் கிட்டின் பதிப்பு எண்ணைக் கேட்டாலே தெரிந்துவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும், நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் ஏற்காவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். கட்டளை வழியாக அனுப்பும் ('புஷ்') வேலைக்குக் கணக்குக் கடவுச்சொல் 2021 ஆகஸ்ட் 13 முதல் செல்லாது. டோக்கனோ எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். மின்சாரம் போய்க் கணினி அணைந்திருந்தால் 'இண்டெக்ஸ் லாக்' என்ற கோப்பு மிஞ்சி வழிமறிக்கும். வேறு எந்த கிட் வேலையும் ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதை நீக்குங்கள்.

'ஃபோல்டரின் உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர்' என்ற செய்தியில் கொஞ்சம் நிற்க வேண்டும். பென் டிரைவிலிருந்து திறந்தாலும், பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினியிலும் இது வரும். மற்றவர் வைத்த அமைப்புக் கோப்பு உங்கள் கணினியில் கட்டளைகளை ஓட்டிவிடும் ஆபத்தைத் தடுக்க, 2022 ஏப்ரலில் கிட் 2.35.2 பதிப்பில் சேர்த்த காவல் அது. நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபோல்டரையும் நம்பச் சொல்லும் குறுக்குவழி பரவலாகக் கிடைக்கிறது. அதைச் செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் சேருங்கள்.

சில நேரம் பழுது உங்களிடமே இருக்காது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உத்தரவால் 32 இணையதளங்கள் இந்தியாவில் முடக்கப்பட்டபோது கிட்ஹப்பும் அதில் இருந்தது. அப்போதும் கமிட் செய்யத் தடையில்லை. வரலாறு உங்கள் கணினியிலேயே இருக்கிறது.

சர்வரில் உள்ள வரலாற்றை மேலெழுதும் 'ஃபோர்ஸ் புஷ்' கூட்டு வேலைக்கு ஆபத்து. ஜக்கார்டு அட்டைகளை வரிசையாகக் கோத்திருப்பது போலத்தான் கமிட்களும். நடுவில் அறுத்து வேறு அட்டைகளைக் கட்டினால் கூட வேலை செய்பவரின் முந்தி வடிவம் அங்கேயே நின்றுவிடும். கமிட் செய்தது காணாமல் போனால் 'கிட் ரிஃப்லாக்' கட்டளையைப் பாருங்கள். கைவிடப்பட்ட கமிட்களும் வழக்கமாக 30 நாட்களாவது அதில் தடம் வைத்திருக்கும். கமிட்டே செய்யவில்லை என்றால் விஎஸ் கோடின் 'டைம்லைன்' பகுதி கைகொடுக்கலாம். 2022 மார்ச் பதிப்பிலிருந்து அது சேமித்த பிரதிகளைத் தனியே வைத்திருக்கிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது ரகசியங்கள். கடை வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண் அடங்கிய கோப்பையோ, சர்வர் சாவியையோ தெரியாமல் புஷ் செய்துவிட்டு அடுத்த கமிட்டில் அழித்தால் போதாது. பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். 2016இல் ஊபர் நிறுவனத்தின் கிட்ஹப் சேமிப்பகத்துக்குள் புகுந்தவர்கள் அங்கிருந்த சாவியை எடுத்துத்தான் 5.7 கோடிப் பேரின் தரவை அள்ளினார்கள். சாவியை உடனே ரத்து செய்யுங்கள், வரலாற்றைத் துடைப்பது அடுத்த வேலை. தரவுக் கசிவை 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 உத்தரவில் நிறுவனங்களுக்குச் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்குத் தந்த அவகாசம் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே முடிந்தது. எனவே கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? சம்பளத்துக்கு வேலை பார்த்து, வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்கு. தனியாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால், கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஒப்படைப்பு இல்லாதவரை எழுதியவருக்கு. ஒப்படைப்பில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள்தான் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்காரரும் இதைப் படித்துக் கையெழுத்து வாங்கினால் இரு பக்கமும் நல்லது. பணம் தராமல் இழுத்தடிப்பவரிடம் உங்கள் உழைப்பை நிரூபிக்க கமிட் வரலாறு உதவும். ஆனால் ஆய்வகக் கணினியில் முந்தைய மாணவர் பெயரே கிட்டின் அமைப்பில் நிற்கலாம். உங்கள் உழைப்பெல்லாம் அவர் பெயரில் ஏறும். முதல் கமிட்டுக்கு முன் பெயரையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள். கமிட் தேதியை யாரும் மாற்றி எழுத முடியும் என்பதால், சர்வரில் பதிவான புஷ் விவரமும் மின்னஞ்சல்களும் சேர்ந்தால்தான் சான்று வலுப்படும். நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் தேவை.

உங்கள் டோக்கனை யாராவது திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். பணமும் போயிருந்தால் 1930 எண்ணை உடனே அழையுங்கள். கெடுக்கும் நோக்கத்தில் மூலநிரலைத் திருடினாலோ அழித்தாலோ அதே சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை விசாரிக்கும் அதிகாரி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்; மனுவைச் சென்னையில் அவரிடம் கொடுக்க வேண்டும். பிழைச் செய்தியின் திரைப்பிடிப்பு, செருகுநிரலின் பதிவேடு, தொடக்கத்தில் எடுத்த அந்தப் பிரதி ஆகியவற்றை மாற்றாமல் மனுவோடு இணையுங்கள்.