மந்தம் தீர்ந்த பிறகு வந்த போர்

1936 பிப்ரவரி 26. டோக்கியோவில் பனி கொட்டிக் கிடந்தது. விடிவதற்கு முன்பே ஜப்பானிய ராணுவத்தின் இளம் அதிகாரிகள் சிலர் சுமார் 1,400 வீரர்களோடு தலைநகருக்குள் பல இடங்களில் புகுந்தார்கள். ஒரு கும்பல் நிதியமைச்சர் தகஹாஷி கொரேகியோவின் வீட்டுக்குள் நுழைந்தது. 81 வயதான அந்தக் கிழவரைப் படுக்கையிலேயே சுட்டு, வாளாலும் வெட்டிக் கொன்றார்கள். ராணுவம் கேட்ட பணத்தை அவர் தர மறுத்திருந்தார்.

உலகப் பொருளாதார மந்தத்திலிருந்து ஜப்பானை மற்ற பல நாடுகளுக்கு முன்பே கரையேற்றியவர் இதே தகஹாஷி. அவர் கொல்லப்பட்டபோது ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன, ஏற்றுமதி பெருகியிருந்தது. சீனாவோடு முழுப் போர் மூண்டது அதற்கு அடுத்த ஆண்டு. ‘வறுமை வந்தது, சர்வாதிகாரம் வந்தது, போர் வந்தது’ என்று பள்ளிப் பாடத்தில் மூன்றே வரியில் படித்துவிடுகிறோம். ஜப்பானின் கதையை அந்த வரிசையில் அடுக்க முடியாது.

கதை பட்டுப்புழுவிலிருந்து தொடங்குகிறது. 1920களின் இறுதியில் ஜப்பானின் முதன்மை ஏற்றுமதி கச்சாப் பட்டு. அதில் பெரும்பகுதி அமெரிக்கப் பெண்களின் காலுறைக்காகப் போனது. ஜப்பானிய விவசாயக் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு பங்கு பட்டுப்புழு வளர்த்தன. நெல் சோற்றுக்கும் குத்தகைக்கும். கையில் காசு புரள்வது பட்டுக்கூட்டால்தான். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்ததும் அந்தக் காலுறைச் சந்தை படுத்தது. இரண்டே ஆண்டில் பட்டின் விலை பாதிக்கும் கீழே போனது. நாகானோ போன்ற மலை மாவட்டங்களில், பட்டை நம்பிக் கடன் வாங்கியவர்கள் வட்டி கட்ட வழியில்லாமல் நின்றார்கள்.

அரசு செய்த காரியம் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போலானது. நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே 1930 ஜனவரியில் யென்னை மறுபடியும் தங்கத்தோடு பிணைத்தார், அதுவும் பழைய உயர்ந்த மதிப்பில். ஜப்பானியப் பொருள்கள் வெளிச்சந்தையில் விலை கூடி நின்றன. ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த உள்நாட்டு விலைகள் இன்னும் விழுந்தன. அந்த ஆண்டு நெல் அமோகமாக விளைந்தது; அதனால் நெல் விலையும் சரிந்தது. அடுத்த ஆண்டு வடக்கே குளிரில் பயிர் கருகியது. வடகிழக்கின் தோஹோகு பகுதியில் பெற்ற பெண்களை விபசார விடுதிகளுக்கு விற்றார்கள். நாளிதழ்கள் அதைச் செய்தியாகவே போட்டன.

அந்தப் பெண்களின் அண்ணன் தம்பிகள் பட்டாளத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே இருந்த இளம் அதிகாரிகளுக்கு இந்தக் கோபத்தை எங்கே திருப்புவது என்று தெரிந்திருந்தது: கட்சி அரசியல்வாதிகள் மீதும் பெருமுதலாளிகள் மீதும். யென் விழும் என்று கணக்குப் போட்டு மித்சுயி நிறுவனம் டாலர் வாங்கிக் குவித்த செய்தி 1931 இறுதியில் வெளிவந்தபோது, அந்தக் கோபத்துக்கு ஆதாரமும் கிடைத்தது. அவர்கள் சொன்ன குறைகளில் பாதி உண்மை. சொன்ன மருந்துதான் விஷம்.

அந்த மருந்தின் பெயர் மஞ்சூரியா, சீனாவின் வடகிழக்குப் பகுதி. நிலம், நிலக்கரி, இரும்பு, சோயா, குடியேற இடம் எல்லாம் அங்கே இருந்தன. 1931 செப்டம்பர் 18 இரவு, முக்தென் நகருக்கு அருகே ஜப்பானுக்குச் சொந்தமான ரயில் பாதையில் அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படையினரே ஒரு குண்டை வெடிக்கவைத்தார்கள். சேதம் அற்பம், சற்று நேரத்தில் அதே தண்டவாளத்தில் ஒரு ரயில் கடந்துபோனது. பழியைச் சீனர்கள் மேல் போட்டு மஞ்சூரியாவைப் பிடிக்க அது போதுமானதாக இருந்தது. திட்டம் தீட்டியவர்கள் இஷிவாரா கான்ஜி, இதாகாகி செய்ஷிரோ என்ற இரண்டு அதிகாரிகள். டோக்கியோ அமைச்சரவை சண்டையை விரிவாக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. படை முன்னேறிக்கொண்டே இருந்தது.

இந்த மீறலுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. வறுமை செய்த வேலையை நான் இங்கேதான் பார்க்கிறேன். தங்கக் கொள்கையால் ஊரையே கடனில் தள்ளிய அமைச்சரவை ராணுவத்தைக் கண்டித்தால் மக்கள் யார் பக்கம் நிற்பார்கள்? பத்திரிகைகள் வெற்றிச் செய்திகளைக் கொண்டாடின. ‘போதும்’ என்று சொல்ல வேண்டியவர்களின் பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போயிருந்தது. டிசம்பரில் அந்த அமைச்சரவையும் கவிழ்ந்தது.

பிறகு கொலைகள். 1932 பிப்ரவரியில் இனோவே, மார்ச்சில் மித்சுயியின் தலைவர் டான் தகுமா, மே 15 அன்று பிரதமர் இனுகாய். பிரதமரைக் கொன்ற கடற்படை அதிகாரிகளின் வழக்கில், அவர்களை விடுவிக்கச் சொல்லி நாடெங்குமிருந்து மனுக்கள் குவிந்தன. ரத்தத்தில் கையெழுத்திட்டவையும் உண்டு. ஒருவருக்கும் மரண தண்டனை கிடைக்கவில்லை. கட்சி ஆட்சி அதோடு முடிந்தது.

ஜப்பானில் ஒரு ஹிட்லர் தோன்றவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சர்வாதிகாரி இல்லாமலே சர்வாதிகாரம் வந்த நாடு அது. 1889 அரசியலமைப்பின்படி படைகள் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டவை. ராணுவம் தன் அமைச்சரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, வேறொருவரைத் தர மறுத்தால் ஆட்சி விழுந்துவிடும். அதே மந்தம் சுவீடனையும் அமெரிக்காவையும் தாக்கியது. அங்கே மக்கள் கோபப்பட்டு ஆட்சியை மாற்றினார்கள். பட்டாளம் ஆட்சியைப் பிடிக்க வரவில்லை.

1931 டிசம்பரில் நிதியமைச்சராக வந்த தகஹாஷி முதல் வேலையாகத் தங்கத்தைக் கைவிட்டார். ஏறக்குறைய அரை டாலர் பெற்ற யென், ஓராண்டில் 20 சென்ட் அளவுக்கு இறங்கியது. அரசுக் கடன் பத்திரங்களை மைய வங்கியே வாங்க, அந்தப் பணம் கிராம நிவாரணத்துக்கும் படைகளுக்கும் போனது. 1933இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியது. உடனே சந்தைகள் கதவை மூடின. பிரிட்டிஷ் இந்திய அரசு அதே ஆண்டு ஜப்பானியத் துணிக்கு 75 சதவீதம் வரி போட்டது. பதிலுக்கு ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பருத்தியைப் புறக்கணித்தன. ‘பார்த்தீர்களா, வணிகத்தால் பிழைக்க விடமாட்டார்கள், நமக்கென்று ஒரு பேரரசு வேண்டும்’ என்று ராணுவம் சொல்ல இது வசதியாயிற்று.

1935 வாக்கில் ஆலைகள் முழு வீச்சில் ஓடின. இனியும் கடன் வாங்கிச் செலவழித்தால் விலைவாசி கிளம்பிவிடும் என்று தகஹாஷிக்குத் தெரியும். அவர் கையை இறுக்கினார். ஆனால் பட்ஜெட்டில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்று பழகிய வயிறு ராணுவத்துடையது. மந்தத்தைத் தீர்க்கக் கொடுத்த பணத்தை மந்தம் தீர்ந்ததும் திருப்பிக் கேட்டார், உயிரை விட்டார். கலகத் தலைவர்களை அரசு இம்முறை சுட்டுக் கொன்றது. அவர்கள் கேட்டதையோ ராணுவத் தலைமைக்குக் கொடுத்தது. அடுத்த நிதியமைச்சர் காலத்தில் படைச் செலவு எகிறியது.

மக்களின் கவனத்தைத் திருப்பப் போருக்குப் போகும் ஆட்சிகள் வேறு வகை. 1982 மார்ச் 30 அன்று பியூனோஸ் அயர்ஸில் தொழிலாளர்களை அடித்து விரட்டிய அர்ஜென்டின ராணுவ ஆட்சி, ஏப்ரல் 2 அன்று பாக்லாந்து தீவுகளைப் பிடித்து அதே நகரில் கைத்தட்டல் வாங்கியது. ஜூனில் தோற்றது, மறு ஆண்டு தேர்தல் வைத்துப் போனது. ஜப்பானில் விவகாரம் அத்தனை சீக்கிரம் முடியவில்லை. 1937 ஜூலையில் தொடங்கிய சீனப் போர் எண்ணெயையும் இரும்பையும் விழுங்கியது. எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1941 கோடையில் அதுவும் நின்றது. டிசம்பரில் மலாயாவின் கோத்தா பாருவிலும் பெர்ல் துறைமுகத்திலும் தாக்கினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் போட்ட சயாம் – பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

நாகானோ விவசாயிகளுக்கு வருவோம். 1936இல் அரசு, இருபது ஆண்டுகளில் பத்து லட்சம் குடும்பங்களை மஞ்சூரியாவில் குடியேற்றப்போவதாக அறிவித்தது. போனவர்கள் 1945 வரை சுமார் 2,70,000 பேர். மாவட்டங்களில் அதிகம் அனுப்பியது நாகானோதான். அங்கே அவர்களுக்குக் கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி, சீன விவசாயிகளிடமிருந்து அடிமாட்டு விலைக்குப் பிடுங்கியது. 1945 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் படைகள் எல்லை தாண்டியபோது, குவாண்டுங் படையின் நல்ல பிரிவுகள் பசிபிக் போருக்கு எப்போதோ போய்விட்டிருந்தன. குடியேறியவர்களில் வேலைசெய்யும் வயதிலிருந்த ஆண்களையும் ராணுவம் அந்தக் கோடையில் அழைத்துக்கொண்டிருந்தது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நடந்தே தப்பப் பார்த்தார்கள். சோவியத் தாக்குதல், பழிவாங்கல், தற்கொலை, அந்தக் குளிர்காலத்தின் பசி, நோய் எல்லாம் சேர்ந்து குடியேறியவர்களில் ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோயின.