கணிதம் யார் சொத்து?

கணிதம் கிரேக்கத்திற் பிறந்ததென்றே நம்மிற் பலர் பள்ளியிற் கற்றோம். ஆனால், பைதகரஸ் பிறப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, கி.மு. 1550 அளவில், ஆமோஸ் என்னும் எகிப்திய எழுத்தர் எண்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளைப் பப்பிரஸ் சுருளிற் படியெடுத்தார். அதன் பெரும்பகுதி இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது.

எகிப்தியர் இரட்டித்தே பெருக்கினர். 12ஐ 13 ஆற் பெருக்குவதாயின், 12, 24, 48, 96 என இரட்டித்துச் செல்வர். இவை முறையே 1, 2, 4, 8 மடங்குகள். 1, 4, 8 சேர்ந்தால் 13. எனவே 12, 48, 96 ஆகியவற்றைக் கூட்ட, 156 விடையாகும்.

புலம்பெயர்ந்த நாடுகளில் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் ஆபிரிக்கப் பிள்ளைகளும் அமர்கின்றனர். தம் கண்டத்தின் அறிவை வகுப்பறையிற் காணாத பிள்ளை, கணிதத்தைப் பிறர் சொத்தென்றே எண்ணும். பைதகரஸோடு ஆமோஸையும் கற்பிக்குமாறு ஆசிரியர்களிடம் கேட்போம்.